ஆடு வந்துச்சு, மான் வந்துச்சு, எண்ணெய் வந்துச்சு: ஒரு ஸ்காட்லாந்து நாடகம் போட்ட நிலக் கணக்கு

1973 ஏப்ரல்ல ஸ்காட்லாந்துல ஒரு நாடகக் குழு வேனை எடுத்துக்கிட்டு வடக்க மலைநாட்டுப் பக்கம் கெளம்புச்சு. அவங்க செட்டு என்னன்னா ஒரு ராட்சசப் புத்தகம். சின்னப் பசங்களுக்கு வாங்கித் தருவோமே, பக்கத்தத் திருப்புனா வீடும் மரமும் எந்திரிச்சு நிக்கும், அதே மாதிரி அட்டைப் புத்தகம், என்ன, ஆளைவிடப் பெருசு. ஒரு பக்கம் திருப்புனா மலை, இன்னொண்ணு திருப்புனா குடிசை. வரைஞ்சவரு ஜான் பைர்ன். அத வேன் கூரைல கட்டிக்கிட்டு ஊர் ஊரா போய், ஊர்ப்பொது மண்டபத்துல ஆடிப் பாடி நடிச்சுட்டு, நாடகம் முடிஞ்சதும் நாற்காலிய ஓரமா தள்ளிட்டு அதே நடிகர்களே வாத்தியம் வாசிக்க ஊரோட சேந்து டான்ஸ். இதான் "தி செவியட், தி ஸ்டாக் அண்ட் தி பிளாக், பிளாக் ஆயில்". எழுதுனது ஜான் மெக்ராத், குழு பேரு 7:84. பிரிட்டன்ல 7 சதவீதம் பேர் கிட்ட 84 சதவீதம் சொத்து இருக்குன்னு 1966-ல எகனாமிஸ்ட் பத்திரிகைல வந்த ஒரு கணக்குதான் அந்தப் பேரு. குழு பேர்லயே சண்டைய ஆரம்பிச்சுட்டாங்க பாருங்க.

செவியட்ங்கிறது ஒரு செம்மறி ஆட்டு ரகம். ஸ்டாக்னா கொம்பு வச்ச ஆண் மான். மூணாவது வட கடல் எண்ணெய். சுமார் 200 வருஷ வரலாற்ற இந்த மூணு பொருள வச்சு சொல்றாங்க. இதப் பத்தி எழுதுற பலரும் "மண்ணை இழந்த சோகக்கதை"ன்னு முடிச்சிடுறாங்க, எனக்கு அது பத்தல. இந்த நாடகத்தையும் அதுக்குப் பின்னாடி இருக்க வரலாற்றையும் சேத்துப் பாத்தா தெரியிறது வேற ஒண்ணு: நெலத்த புடுங்குறது பாதி வேலைதான், நெலம் போனவனை சல்லிசான கூலி ஆளா மாத்துறதுதான் மீதி பாதி. ரெண்டும் ஒரே ஆபீஸ்ல, ஒரே பேனால எழுதுன திட்டம்.

சதர்லாண்ட் சீமையையே எடுத்துக்கலாம், நாடகத்தோட அடிவயிறு அதான். ஸ்காட்லாந்தோட வடக்கு ஓரம். கேலிக் பேசுற ஜனங்க, ஆத்துப் பள்ளத்தாக்குல மாடு மேச்சுக்கிட்டு ஓட்ஸும் உருளைக்கிழங்கும் போட்டுக்கிட்டு இருந்தாங்க. பட்டா கிட்டா ஒண்ணும் கெடையாது. எங்க குலத்தலைவன் நெலம், அவன் கூப்பிட்டா போருக்குப் போறோம், பதிலுக்கு நாங்க இங்க இருக்கோம்ங்கிற பழைய நம்பிக்கைதான் பட்டா. ஆனா சட்டத்தோட கண்ணுக்கு அது மொத்தமும் சதர்லாண்ட் சீமாட்டியோட தனிச் சொத்து. அந்தம்மா கட்டிக்கிட்டது ஸ்டாஃபோர்ட் பிரபுங்கிற இங்கிலாந்துக்காரரை, பிரிட்டன்லயே பெரும் பணக்காரங்கள்ல ஒருத்தர். அவர் பணம் எங்கருந்து வந்துச்சுன்னு பாத்தா கதை புரிஞ்சிடும். தாய்மாமன் பிரிட்ஜ்வாட்டர் டியூக், மான்செஸ்டருக்கு நிலக்கரி கொண்டு போக 1761-ல கால்வாய் வெட்டுனவர். 1803-ல அவர் செத்ததும் கால்வாய் வருமானம் மருமகனுக்கு வந்துச்சு. அதாவது மான்செஸ்டர் மில்லுங்க எரிச்ச கரியோட லாபம் வடக்க வந்து சதர்லாண்ட்ல ஆட்டுப் பண்ணை ஆச்சு, அந்த ஆட்டோட ரோமம் தெக்க யார்க்‌ஷயர் மில்லுக்குப் போச்சு. தொழிற்புரட்சி எங்கயோ நகரத்துல நடந்துச்சு, மலைநாடு பாவம் பின்தங்கிக் கெடந்துச்சுன்னு பாடப்புத்தகம் சொல்லும். உண்மைல மலைநாடு அந்த மிஷினோட ஒரு பல்சக்கரம்.

இனி 1814. பேட்ரிக் செல்லர், எஸ்டேட்டோட ஃபேக்டர். ஃபேக்டர்னா நம்ம ஊர் ஜமீன் காரியஸ்தர் மாதிரி, வாடகை வசூல், ஆள் வெளியேத்துறது எல்லாம் அவர் கைல. ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்குல ஒரு பெரிய பகுதிய ஆட்டுப் பண்ணைக்கு ஏலம் விடுறாங்க, ஏலம் எடுத்தது யாருன்னா செல்லரேதான். வெளியேத்துறவனும் அவன், காலியான நெலத்துக்குக் குத்தகைக்காரனும் அவன். மார்ச்சு மாசமே புல்வெளிய கொளுத்திட்டாங்க, ஆட்டுக்குப் புதுப்புல்லு மொளைக்கணுமாம், ஆனா ஜனங்க கெளம்ப வேண்டிய தேதிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, அதுவரைக்கும் அவங்க மாடு எதத் திங்கும்? அப்புறம் வீடுங்க.

இந்த எடத்துல ஒரு சின்ன விஷயத்தப் பாத்துட்டுப் போகணும். அந்த வீடுங்க கல்லும் புல்கட்டியும் வச்ச சொவரு, அது யாரு வேணா ஒரு வாரத்துல கட்டிடலாம். கூரை தாங்குற உத்தரம்தான் சொத்து. அந்தப் பக்கம் மரமே கெடையாது, சதுப்புல பொதஞ்சு கெடக்குற பழைய பைன் கட்டைய தோண்டி எடுத்து காய வச்சுதான் உத்தரம் போடணும். வீடு மாறும்போது ஜனங்க உத்தரத்தையும் கழட்டித் தோள்ல தூக்கிட்டுப் போவாங்க, வழக்கப்படி அது குடியிருக்கவனோட பொருள். செல்லரோட ஆளுங்க அந்த உத்தரத்தத்தான் கொளுத்துனாங்க. சொவத்த இடிச்சா திரும்பக் கட்டுவான், உத்தரத்த எரிச்சா திரும்பி வர மாட்டான். கேலிக்ல அந்த வருஷத்துக்கே எரிப்பு வருஷம்னு பேரு.

ஒரு வீட்டுல நூறு வயசத் தொடுற கெழவி, படுத்த படுக்கை. வீடு எரிய ஆரம்பிச்சப்பறம்தான் போர்வையோட தூக்கி வெளிய கொண்டு வந்தாங்க, சில நாள்ல செத்துட்டாங்க. "அந்தக் கெழவி ரொம்ப நாள் வாழ்ந்துட்டா, எரியட்டும்"ங்கிற மாதிரி செல்லர் சொன்னதா டொனால்ட் மக்லியோட்ங்கிற கொத்தனார் பின்னாடி எழுதி வச்சாரு. 1816 ஏப்ரல்ல இன்வெர்னஸ்ல செல்லர் மேல கேஸ் நடந்துச்சு. ஜூரில உக்காந்தவங்கள்ல பெரும்பாலும் நெலக்காரங்க, வியாபாரிங்க. விடுதலை. அவரை அரெஸ்ட் பண்ண உள்ளூர் அதிகாரிதான் பின்னாடி மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு ஊர விட்டே போக வேண்டியதாச்சு.

இதெல்லாம் கொடுமைன்னு எல்லாருக்கும் தெரியும். நாடகமும் இத ஒப்பாரியாவே போட்டிருக்கலாம், போடல. செல்லரையும் அவருக்கு மேல இருந்த ஜேம்ஸ் லாக்கையும் மேடைல கொண்டாந்து நிறுத்தி, அவங்களே அவங்க திட்டத்தப் பெருமையா விளக்குற மாதிரி விட்டுடுறாரு மெக்ராத். அரக்கன் மாதிரி மீசைய முறுக்குறதில்ல. முன்னேத்தம், சோம்பேறித்தனத்த ஒழிக்கிறது, கடலோரத்துல மீன்பிடித் தொழில், இப்படி ஒரு பிராஜெக்ட் ரிப்போர்ட் வாசிக்கிற தொனி. எனக்கு அதான் வயித்தக் கலக்குச்சு. அந்த தொனிய நாம எல்லாரும் எங்கயோ கேட்டிருக்கோம்.

சரி, வெளியேத்துன ஜனங்கள எங்க கொண்டு போனாங்க? மார்க்ஸ் மூலதனத்துல குடுக்குற கணக்கு இது: 1814-ல இருந்து 1820 வரைக்கும் 15,000 பேர், ஏறக்கொறைய 3,000 குடும்பம். பறிபோன குல நெலம் 794,000 ஏக்கர். பதிலுக்குக் கடலோரம் 6,000 ஏக்கர், குடும்பத்துக்கு 2 ஏக்கர், அதுக்கும் வாடகை உண்டு. உள்நாட்டு நெலம் 29 பெரிய ஆட்டுப் பண்ணையாச்சு, 1825 வாக்குல 131,000 ஆடு.

அந்த 2 ஏக்கருங்கிறது ஏதோ கஞ்சத்தனத்துல குடுத்ததுன்னு நெனச்சிடாதீங்க. அளந்துதான் குடுத்தாங்க. ஒரு குடும்பம் அந்த நெலத்த மட்டும் வச்சு பொழைச்சிடக் கூடாது, ஆனா பட்டினில சாகவும் கூடாது, அப்பதான் மீதி வயித்துக்கு கூலிக்கு வருவான். மாடு மேச்சவனை கடலுக்கு அனுப்பி ஹெர்ரிங் மீன் புடிக்கச் சொன்னாங்க, படகு பாத்திருக்கானா, வலை தெரியுமான்னெல்லாம் யாரும் கேக்கல. மேற்குத் தீவுகள்ல இன்னும் பச்சையா நடந்துச்சு, அங்க கெல்ப். கடல்பாசிய அறுத்து எரிச்சா வர்ற சாம்பல் சோப்பு, கண்ணாடி ஆலைக்கு வேணும். நெப்போலியன் போர்ல வெளிநாட்டு சரக்கு நின்னு போக, டன் 20 பவுண்டு வரைக்கும் வெல ஏறிடுச்சு. ஒரு டன் சாம்பலுக்கு சுமார் 20 டன் ஈரப்பாசி. ஜில்லுன்னு இருக்க கடல்ல இடுப்பளவுத் தண்ணில நின்னு அறுவாளால அறுத்து, முதுகுல சொமந்து, காய வச்சு, நாள் முழுக்க புகைல நின்னு எரிக்கணும், பொம்பளைங்க புள்ளைங்க எல்லாரும். வெலைல பெரும்பங்கு பிரபு வீட்டுக்கு, கூலிய வாங்கி வாடகையா அவருக்கே திருப்பிக் கட்டணும்.

இந்த நெலமைல ஜனங்க கனடாவுக்குக் கப்பல் ஏறப் பாத்தாங்க. 1803-ல பயணிகள் கப்பல் சட்டம் வந்துச்சு, ஏழை பயணியோட சுகாதாரத்துக்காகன்னு சொன்னாங்க, டிக்கெட் வெல எகிறிப்போச்சு, ஏழையால ஏற முடியல. அந்தச் சட்டத்துக்குப் பின்னாடி அழுத்தம் குடுத்ததுல மலைநாட்டு நெலக்காரங்க உண்டு. போர் முடிஞ்சு வெளிநாட்டு சரக்கு வந்து 1820-கள்ல கெல்ப் வெல விழுந்ததும் என்ன ஆச்சு தெரியுமா? அதே நெலக்காரங்க, மக்கள்தொகை ஜாஸ்தி ஆயிடுச்சு, இவங்கள அனுப்புங்க அனுப்புங்கன்னு கத்துனாங்க. 1827-ல அந்தச் சட்டமும் போச்சு. ஆள் வேணும்போது கதவப் பூட்டு, வேணாம்போது கழுத்தப் புடிச்சுத் தள்ளு. 1846 உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்கு அப்புறம் கப்பல் கப்பலா போனாங்க.

போன எடத்துலயும் நாடகம் அவங்கள சும்மா விடல, எனக்கு ரொம்பப் பிடிச்ச நேர்மை அது. வெரட்டப்பட்ட ஜனங்க கனடாலயும் ஆஸ்திரேலியாலயும் போய் அங்க இருந்த பூர்வகுடிகள வெரட்டுற ஆயுதமா ஆனாங்கன்னு மேடைலயே சொல்லிடுறாங்க. பாவப்பட்டவன் தப்பு பண்ண மாட்டான்னு ஒரு வசதியான நெனப்பு நம்மகிட்ட இருக்கு, அதுக்கு எடம் குடுக்கல.

நம்ம பக்கத்துக்கும் இதுக்கும் ஒரு நிஜத் தொடர்பு இருக்கு, நாடகத்துல இல்ல, மலை மேல இருக்கு. ராஸ்‌ஷயர்ல ஃபைரிஷ்னு ஒரு குன்று, அதோட உச்சில தனியா நிக்கிற கல்வாசல். அது நாகப்பட்டினம் கோட்டை வாசலோட மாதிரியாம். 1781-ல டச்சுக்காரங்க கிட்டருந்து நாகப்பட்டினத்தப் புடிச்ச ஹெக்டர் மன்ரோ, சொந்த ஊர்ல அத நெனவுச்சின்னமா கட்டுனாரு, வேலையில்லாத உள்ளூர் ஏழைங்களுக்குக் கூலி குடுத்து. அதே மன்ரோதான் தன்னோட மேய்ச்சல் நெலத்த ஆட்டுப் பண்ணைக்காரங்களுக்குக் குத்தகைக்கு விட்டவர். 1792-ல அந்தப் பகுதி ஜனங்க கூடி ஆயிரக்கணக்கான ஆட்ட ஓட்டிக்கிட்டு ராஸ்‌ஷயர விட்டே வெளியேத்தப் பாத்தாங்க, பட்டாளம் வந்து நிறுத்துச்சு. வந்தது 42-வது ரெஜிமென்ட், அதுவும் மலைநாட்டு ஆளுங்க ரெஜிமென்ட்தான்.

பட்டாளம்னு வந்ததால 1854 காட்சிக்கு வர்றேன். கிரிமியப் போர். சதர்லாண்ட் டியூக் ஆள் சேக்க வடக்க வர்றாரு, பட்டாளத்துக்கு வந்தா தங்கமா குடுப்பேன்னு மேசைல காசு வைக்கிறாரு. முன்னாடி 1799-ல இதே சீமைல ஒரு முழு ரெஜிமென்ட்டே கெளம்பிச்சு, இப்ப கூட்டத்துல ஒருத்தன் கூட எந்திரிக்கல. ஒரு பெரியவர் எந்திரிச்சு பதில் சொல்றாரு: ரஷ்ய ஜார் வந்து எங்கள ஆண்டா கூட உங்க குடும்பம் பண்ணதவிட மோசமா ஒண்ணும் பண்ணிட மாட்டான், உங்ககிட்டதான் ஆடும் மானும் இருக்கே, அதுங்கள அனுப்புங்க சண்டைக்கு. இந்தக் காட்சி மண்டபத்துல எப்படி எடுபட்டிருக்கும்னு யோசிங்க. பாக்க உக்காந்திருந்தவங்கள்ல பல பேரு அந்தக் கடலோரத் துண்டு நெலத்துக்குத் தள்ளப்பட்டவங்களோட வம்சம். நாடகம் அவங்களுக்கு அவங்க கதையையே, தேதியும் தொகையும் போட்டு, அச்சுல வந்த ஆவணத்த மேடைல நின்னு வாசிச்சுக் காட்டுச்சு.

நாடக வடிவத்துக்குப் பேரு கேலி. கேலிக் மொழில ஊர் கூடி பாட்டு, கதை, ஃபிடில், ஆட்டம்னு ராத்திரி போறதுதான் அது, நம்ம கேலி கிண்டலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, ஆனா இந்த நாடகத்துல ரெண்டும் இருக்கு. விக்டோரியா மகாராணி வந்து எங்க மலை எங்க மலைன்னு பாடுறாங்க. 1852-ல பால்மோரல் எஸ்டேட்ட அரச குடும்பம் வாங்குனதுல இருந்து மான் வேட்டை ஃபேஷன் ஆச்சு, 1870-களுக்கு அப்புறம் ஆஸ்திரேலிய ரோமம் வந்து ஆட்டு லாபம் விழுந்ததும், ஆட்ட எடுத்துட்டு மான விட்டாங்க. காலி மலையப் பாத்து லண்டன்காரன் "ஆஹா என்ன தனிமை, என்ன அழகு"ன்னு சொன்னான். யார் காலி பண்ணாங்கன்னு கேக்கல. 1882-ல ஸ்கை தீவுல பிரேய்ஸ் ஊர் ஜனங்க வெளியேத்துற நோட்டீஸ கொண்டு வந்த ஆளையே அத எரிக்க வச்சாங்க, கிளாஸ்கோல இருந்து சுமார் 50 போலீஸ் வந்துச்சு, பொம்பளைங்க முன்னாடி நின்னு கல்லெடுத்தாங்க. 1886-ல சட்டம் வந்துச்சு, இருக்கற துண்டு நெலத்துல இருந்து இனி வெரட்ட முடியாதுன்னு. பறிபோன நெலம் திரும்பி வரல.

கடைசி அங்கம் எண்ணெய். 1970-ல வட கடல்ல ஃபோர்டீஸ்ங்கிற எண்ணெய் வயலக் கண்டுபிடிச்சாங்க, 1971-ல பிரெண்ட். டெக்சாஸ் ஜிம்னு ஒரு அமெரிக்கக்காரன் தொப்பியோட மேடை ஏறி ஊரோட டான்ஸ் ஆடி, ஆடிக்கிட்டே எல்லாத்தையும் எழுதி வாங்கிடுறான், லண்டன் அரசாங்க ஆள் கூட நின்னு கை தட்டுறாரு. நாடகம் எழுதி அரங்கேறுனது 1973 வசந்த காலம், எண்ணெய் வெல எகிறுனது அந்த வருஷக் கடைசி, முதல் ஃபோர்டீஸ் எண்ணெய் கரைக்கு வந்தது 1975. அதாவது நடந்து முடிஞ்சத விமர்சனம் பண்ணல, நடந்துக்கிட்டு இருக்கறப்பவே "போன ரெண்டு தடவை மாதிரிதான் இதுவும்"னு சொன்னாங்க. 1974-ல நாடகம் பிபிசி டிவில வந்துச்சு, ஜான் மெக்கன்சி இயக்கம், மேடையோட சேத்து எண்ணெய் ஊரு அபெர்டீன் நெலவரமும் அதுல வருது.

எல்லாம் சரியா கணிச்சாங்களான்னா, இல்ல. எண்ணெயால யாரும் குடிசைய எரிச்சு வெரட்டப்படல, நெறைய பேருக்கு நல்ல சம்பளம் கெடச்சுச்சு, மலைநாட்டுல புதுசா வேலை வந்துச்சு. பிரபு, ஜனம்னு ரெண்டே கட்சியா பிரிச்சிட்டாங்கன்னு சொல்றதுலயும் நியாயம் இருக்கு, நடுவுல கொஞ்சம் வசதியான குத்தகைக்காரங்க, உள் வாடகைக்காரங்கன்னு பல அடுக்கு இருந்துச்சு, வெளியேத்தத்துக்கு சாமி பேரால ஒத்தூதுன பாதிரிங்கள மட்டும் நாடகம் விடல. ஆனா கூலி ஆள் விஷயத்துல கணிப்பு தப்பல. கடலுக்கு நடுவுல எண்ணெய் எடுக்குற மேடைல தொழிற்சங்கம் வைக்க கம்பெனிங்க லேசுல விடல. பாதுகாப்பு சரியில்லன்னு வாயத் தொறந்தவனுக்கு ஒரு முத்திரை இருந்துச்சு, ரிக்ல வேலை பாத்த எல்லாருக்கும் தெரிஞ்ச மூணெழுத்து: என்.ஆர்.பி. "இவர் திரும்பத் தேவையில்லை"ன்னு அர்த்தம். டிஸ்மிஸ் கெடையாது, காரணம் கெடையாது, அடுத்த ஹெலிகாப்டர்ல பேரு இருக்காது, அவ்ளோதான். 1814-ல உத்தரத்த எரிச்சாங்க, இங்க லிஸ்ட்ல பேர அடிச்சாங்க. 1988 ஜூலை 6 ராத்திரி பைப்பர் ஆல்ஃபா மேடை வெடிச்சு 167 பேர் செத்தாங்க. ரிப்பேருக்காகக் கழட்டி வச்ச ஒரு வால்வு, அது ராத்திரி ஷிப்டுக்குத் தெரியல, பம்ப ஓட்டிட்டாங்க. வேலை அனுமதிச் சீட்டு முறை ஒழுங்கா நடக்கலன்னு கல்லன் விசாரணை சொல்லுச்சு.

இந்த ஒரு நாடகம் மட்டும்தான்னு இல்ல. ஸ்காட்லாந்துல ஃபைஃப் பகுதி நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பாத்த ஜோ கோரி, 1926 ஸ்ட்ரைக் சமயத்துல கஞ்சித்தொட்டிக்குக் காசு சேக்க நாடகம் போட்டவர், "இன் டைம் ஓ ஸ்ட்ரைஃப்"ங்கிற அவரோட நாடகத்துல சுரங்கத்த மேடைல காட்டவே மாட்டாரு, தொழிலாளி வீட்டு அடுப்படிதான் களம், வெளிய கூட்டம் கத்துற சத்தம் மட்டும் கேக்கும். ஸ்காட்லாந்து சுரங்கத் தொழிலாளிக்கு அதவிடப் பழைய கதை உண்டு: 1606 சட்டத்துல இருந்து 1799 வரைக்கும் அவன் சுரங்கத்தோட கட்டுண்ட அடிமை, சுரங்கத்த வித்தா அவனும் சேந்து விக்கப்பட்டான். 1947-ல ஈனா லமாண்ட் ஸ்டூவர்ட் கிளாஸ்கோ ஒண்டுக்குடித்தன வீட்ட வச்சு ஒரு நாடகம் எழுதுனாங்க, வேலையில்லாத புருஷன், டிபி வந்த புள்ளை, எல்லாத்தையும் இழுத்துப் புடிக்கிற மேகி. ரெண்டையும் 1982-ல 7:84 குழுவே தூசி தட்டி மேடை ஏத்துச்சு. அந்தக் குழுவுக்கு 1988-ல அரசு மானியத்த நிறுத்துறோம்னு சொல்லிட்டாங்க, மெக்ராத் வெளிய வந்துட்டாரு. பைப்பர் ஆல்ஃபா வெடிச்ச அதே வருஷம்.

நெலம் மட்டும் மெதுவா கொஞ்சம் அசைஞ்சிருக்கு. 1993-ல சதர்லாண்ட்லயே அசின்ட் ஊர்க்காரங்க, அந்தச் சின்னத் துண்டு நெலக் குடிங்க, காசு வசூல் பண்ணி 21,000 ஏக்கர் எஸ்டேட்ட வெல குடுத்து வாங்குனாங்க. தாத்தாவ வெரட்டி எடுத்த நெலத்த பேரன் சந்தைல காசு குடுத்து வாங்க வேண்டியிருந்துச்சு, அதையும் சேத்துதான் சந்தோஷப்படணும். 2003-ல ஊர் சமூகம் நெலம் வாங்க வழி பண்ற சட்டமும் வந்துச்சு. அப்படியும் ஸ்காட்லாந்துல தனியார் கிராம நெலத்துல பாதி வெறும் 432 பேர் கைலன்னு ஒரு கணக்கு 2013 வாக்குல வந்து பெரிய பேச்சாச்சு. கோல்ஸ்பி ஊருக்கு மேல பென் பிராகி குன்றுல முதல் சதர்லாண்ட் டியூக்கோட, அதான் அந்த ஸ்டாஃபோர்ட் பிரபுவோட, செல இன்னும் நிக்குது, பீடத்தோட நூறு அடி. குடிமக்கள் நன்றியோட எழுப்பினதுன்னு கல்வெட்டுல இருக்கு.